டைமிங் செயின் இருந்தால் கவலையே இல்லையா? மலையில் பழைய எஸ்யூவி வாங்குகிறவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். உங்களுக்குக் கோத்தகிரியில் வீடு. மாதம் நாலைந்து தடவை மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்கி ஏற வேண்டும். பட்ஜெட் ஆறு லட்சம், இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 2017 விட்டாரா பிரெஸ்ஸா டீசல், டிஎன் 43 (ஊட்டி) நம்பர், மீட்டரில் 1,05,000 கி.மீ. இன்னொன்று 2015 டஸ்டர் 85 பி.எஸ். டீசல், கோவை வண்டி, 78,000 கி.மீ. "பிரெஸ்ஸாவில் டைமிங் செயின், ஆயுசுக்கும் கை வைக்க வேண்டாம். டஸ்டரில் பெல்ட், அறுந்தால் இன்ஜின் காலி" என்று புரோக்கர் சொல்கிறார், நம்பலாமா என்கிறீர்கள்.

பாதியை நம்பலாம். பெல்ட் அறுந்தால் இன்ஜின் காலி என்பது சரிதான். ஆனால் செயின் தன் சக்கரத்தில் ஒரு பல் தாண்டி உட்கார்ந்தாலும் அதே கதிதான், அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். இரண்டும் செய்கிற வேலை ஒன்று: கீழே சுற்றும் கிராங்க்கையும் மேலே வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டையும் தாளம் தப்பாமல் சேர்த்து ஓட்டுவது. தாளம் தப்பினால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்து கிடக்கும், இரண்டும் முட்டும், வால்வு வளையும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டும். இந்த இரண்டு இன்ஜினிலும் இதே நிலைதான்.

வித்தியாசம் எங்கே என்றால், பெல்ட்டுக்கு ஒரு தேதி உண்டு. கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம் என்று போட்டிருப்பான், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டியது. செயினுக்கு அப்படித் தேதி கிடையாது. தேதி இல்லை என்பதை ஆயுசு முழுக்க என்று நம் ஆட்கள் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். இன்ஜினுக்குள் ஆயிலில் குளித்துக்கொண்டே ஓடுகிற பொருள் அது, அந்த ஆயில் எப்படி இருந்ததோ அப்படித்தான் அதன் ஆயுசும். அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது செயினா பெல்டா என்பதை அல்ல, முந்தைய ஓனர் ஆயில் மாற்றினாரா என்பதைத்தான்.

செயின் இழுபட்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்வார். ரப்பர் மாதிரி இரும்பு இழுபடாது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் இருக்கிறது, அது உட்கார்ந்திருக்கிற துளையும் பின்னும் உரசி உரசித் தேய்கிறது. ஒரு கண்ணிக்கு 0.03 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. செயினில் 150 கண்ணி இருந்தால் மொத்தம் நாலரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்தத் தொய்வை எடுக்க டென்ஷனர் என்று ஒரு சின்ன பிஸ்டன் இருக்கிறது, ஆயில் பிரஷரில் வெளியே வந்து பிளாஸ்டிக் கைடை அழுத்தி, கைடு செயினை அழுத்திப் பிடிக்கும். செயின் தேயத் தேய டென்ஷனர் இன்னும் வெளியே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் வர இடமிருக்காது. அங்கிருந்துதான் தொந்தரவு ஆரம்பம்.

டீசலில் இது பெட்ரோலைவிடக் கூடுதல், ஏனென்றால் டீசல் கரி ஆயிலில் கலந்து மை மாதிரி ஆகி, அந்தக் கரித்தூளே அரம் போல பின்னைத் தேய்க்கிறது. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த டீசல் இன்ஜினில் செயின் முதலில் அடிபடுவதற்குக் காரணம் அதுதான். உங்கள் பிரெஸ்ஸாவில் இருப்பது 1,248 சி.சி. ஃபியட் மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா என்று நாடு முழுக்க ஓடுகிற நல்ல இன்ஜின், எனக்கும் பிடித்த இன்ஜின். ஆனால் அது கொள்கிற ஆயில் சுமார் மூன்று லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு என்று அர்த்தம். சமவெளியில் அது எப்படியோ சமாளித்துவிடும். நம் ஊர் ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சினால், டென்ஷனர் அந்த நேரத்தில் தளர்ந்துவிடும். அதனால் மலையில் ஆயில் அளவு குறைவதும் ஆயில் கெடுவதும் கிட்டத்தட்ட ஒரே குற்றம்.

அடுத்தது மீட்டர். 1,05,000 என்று பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று நினைத்தீர்கள் அல்லவா, அங்கேதான் மலைக்காரர்கள் ஏமாறுகிறோம். செயின் கிலோமீட்டரை எண்ணுவதில்லை, சுற்றுகளை எண்ணுகிறது. கோவையிலிருந்து அவிநாசி ரோட்டில் டாப் கியரில் 80-ல் போனால் இன்ஜின் 2,000 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோமீட்டருக்கு 1,500 சுற்று. அதே வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் 25 வேகத்தில் 2,500 ஆர்.பி.எம்.-ல் ஏறினால் ஒரு கிலோமீட்டருக்கு 6,000 சுற்று. நாலு மடங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் 33 கி.மீ. முழுக்க இரண்டாம் கியர் இல்லைதான், ஆனாலும் நாள் தவறாமல் ஏறி இறங்கிய வண்டியின் ஒரு லட்சம் சமவெளியின் ஒரு லட்சம் இல்லை, இரண்டு லட்சத்துக்குப் பக்கம் என்று நான் மனசில் போட்டுக்கொள்வேன். போதாததற்கு இந்த 1.3 இன்ஜின் 2,000-க்குக் கீழே இழுக்கத் தயங்கும் என்பதால் நம் ஆட்கள் வளைவில் முதல் கியருக்கு இறங்கி உறும விட்டுத்தான் ஏறுவார்கள்.

இதனால் டிஎன் 43 வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊட்டியில் ரெஜிஸ்டர் ஆகி, ஓனர் கோவையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை மட்டும் ஊருக்கு வந்த வண்டிகளும் உண்டு, எஸ்டேட்டுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் ஓடி ஓடியே ஒரு லட்சம் ஆன வண்டிகளும் உண்டு. இரண்டாவது ரகம்தான் மோசம். குளிரில் இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடுவார்கள், எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். எங்கே ஓடியது என்று ஓனரிடம் நேராகக் கேளுங்கள். இன்னொரு வழி, மீட்டர் டிஸ்ப்ளேயில் சராசரி மைலேஜ் எண் ரீசெட் செய்யாமல் கிடந்தால் அதைப் பாருங்கள். மலையிலேயே ஓடிய வண்டி அந்த எண்ணில் காட்டிக்கொடுத்துவிடும்.

(டெல்லியிலிருந்து வந்த டீசல் வண்டிகள் கோவைப் பக்கம் நிறைய சுற்றுகின்றன. பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு அங்கே தடை வந்ததால் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தவை. ஆர்.சி.யில் முதல் ரெஜிஸ்ட்ரேஷன் எந்த ஊர் என்று ஒரு பார்வை பாருங்கள். டிராஃபிக்கில் மணிக்கணக்கில் ஐடிலில் நின்ற இன்ஜினும் மலை இன்ஜின் மாதிரிதான், மீட்டர் ஏறாமல் தேய்ந்திருக்கும்.)

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

என் கதையைச் சொன்னால் புரியும். பல வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு செயின் இன்ஜின் டீசல் எஸ்யூவி வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். கோவையில் ஒரு டீலரிடம் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன், இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. நான் வருவதற்கு அரை மணி முன்னாலேயே அதை ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஊருக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் செல்ஃப் அடித்ததும் நாலைந்து செகண்ட், பால் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அமைதி. டீசல் என்றால் அப்படித்தான், குளிர் வேறு என்று விட்டேன். ஆறு மாதம் விட்டேன். ஒரு டிசம்பர் ராத்திரி வீட்டு முன் சரிவில் வண்டியை மேல்நோக்கி நிறுத்தி, கை பிரேக்கை முழுக்க நம்பாமல் முதல் கியரில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் புல் முழுக்க உறைபனி வெள்ளை. செல்ஃப் அடித்தேன், கடகடவென்று ஒரு சத்தம், ஒரு இருமல், அவ்வளவுதான்.

பட்டறையில் கவரைக் கழற்றி மெக்கானிக் அண்ணன் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டார். மேலே இரண்டும் ஒன்று, கீழே வந்தபோது பழையது ஒரு கண்ணியில் பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் கைடு உடைந்து, சம்ப்பின் சல்லடையில் கறுப்பாகப் புளியங்கொட்டை மாதிரி நாலு துண்டு. பதினாறு வால்வில் ஆறு வளைந்திருந்தது. "ராத்திரி வண்டி ஒரு விரக்கடை பின்னால உருண்டிருக்கும் சார், கியர்ல இருந்ததால இன்ஜின் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், அப்பவே பல்லு தாண்டிருச்சு" என்றார். பில் 62,000 ரூபாய். வண்டி மூன்று வாரம் அங்கேயே கிடந்தது.

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். இன்ஜின் நின்றிருக்கும்போது ஆயில் பிரஷர் இல்லை, டென்ஷனர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துவிடும். மேல்நோக்கி முதல் கியரில் நிற்கும் வண்டி பின்னால் அசைந்தால் கிராங்க் எதிர்த்திசையில் திரும்பும், இறுக்கமாக இருக்க வேண்டிய பக்கம் தொய்வாகி, இழுப்பு எல்லாம் டென்ஷனர் மேல் விழும். புதுச் செயின் இதைத் தாங்கும். தேய்ந்த செயின் தாங்காது. நம் ஊரில் எல்லோரும் சரிவில்தான் வண்டி நிறுத்துகிறோம், ஆகவே ஒழுங்கு இதுதான்: கால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலில் கை பிரேக் இழுத்து, கால் பிரேக்கை விட்டு வண்டி கை பிரேக்கில் உட்காரட்டும், டயருக்குக் கல் போடுங்கள், கடைசியாகக் கியர். வண்டி எடை இன்ஜின் மேல் தொங்கக் கூடாது. அதே மாதிரி பேட்டரி இறங்கிய காலையில் சரிவில் பின்னால் உருளவிட்டு முதல் கியரில் கிளட்ச்சை விடுகிற வழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

ஆகவே வண்டி பார்க்கப் போகிற நேரம் காலை ஆறரை. ஓனரிடம் முந்தின நாளே, "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம், இல்லை மறுநாள் வருகிறேன் என்று சொல்லலாம். ஆள் முகம் மாறினால் அதுவே பதில். இந்த விஷயத்தில் மலை நமக்குச் சாதகம். கோவை வெயிலில் ஒளிந்துகொள்கிற சத்தம் கோத்தகிரிக் குளிரில் ஒளிய முடியாது. டஸ்டரைப் பார்க்கக் கோவைக்குப் போனாலும் நேரம் அதேதான், ஆனால் அது பெல்ட் இன்ஜின், அங்கே இந்தச் சத்தத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பானட்டைத் திறந்து, இன்ஜினில் கியர்பாக்ஸ் இல்லாத பக்கமாகக் காதை வைத்து நில்லுங்கள், செயின் அங்கேதான் ஓடுகிறது. இன்ஜெக்டரின் டிக் டிக் எல்லா டீசலிலும் தொடர்ந்து கேட்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். செயின் சத்தம் உலோகம் உரசிக் கலகலக்கும், ஸ்டார்ட் ஆன உடனே வந்து ஆயில் ஏறியதும் மறையும். ஒரு செகண்ட் வந்து போனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்று செகண்டுக்கு மேல் நீண்டால் விலையைப் பேசுவேன், இன்ஜின் சூடான பிறகும் கேட்டால் பேசவே மாட்டேன். இதில் ஒரு கிளைக்கதை உண்டு. போலி ஆயில் ஃபில்டர் போட்டிருந்தால், உள்ளே ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கிற ரப்பர் வால்வு சரியாக வேலை செய்யாமல், நல்ல செயினிலும் காலையில் சத்தம் வரும். ஒரிஜினல் ஃபில்டர் போட்டு மறுநாள் கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் அந்தச் செலவையும் காத்திருப்பையும் விற்கிறவர் ஏற்க வேண்டும், நீங்கள் அல்ல.

பிறகு வண்டியை ஒரு நல்ல ஏற்றத்தில் பத்து கிலோமீட்டர் ஏற்றுங்கள். மேலே போனதும் ஏ.சி.யை அணைத்து ஐடிலில் விட்டுக் கேளுங்கள். ஆயில் கொதித்து இளகி, பிரஷர் குறைந்திருக்கிற அந்த நேரத்தில் செயின் பேசினால் உள்ளே நிஜமாகவே தேய்ந்திருக்கிறது.

ஆயில் மூடியைத் திறந்து செல்போன் லைட் அடித்துப் பாருங்கள். உள்ளே டீ டிகாக்ஷன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் சரி, தார் மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றாத வண்டி. மூடிக்கு அடியில் வெள்ளையாக வெண்ணெய் மாதிரி லேசாக இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற தகடு) போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம், குளிரில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடிய வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும். கூலன்ட் குறைகிறதா, கூலன்டில் எண்ணெய் மிதக்கிறதா என்று சேர்த்துப் பார்த்தால்தான் அது பயப்பட வேண்டிய விஷயமா என்பது தெரியும்.

ஸ்கேனர் போடுங்கள். வண்டியில் செருகினால் இன்ஜின் கோளாறுகளைச் செல்போனில் காட்டுகிற ப்ளூடூத் ஓ.பி.டி. ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் வாழ்க்கை முழுக்க உதவும். பி0016 (P0016) என்று ஒரு எரர் கோடு வந்தால் கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று வண்டியே வாக்குமூலம் கொடுப்பதாக அர்த்தம். கோடு எதுவும் இல்லை என்றாலும் "கோடு அழித்த பிறகு ஓடிய தூரம்" என்று ஒரு எண் பல வண்டிகளில் வரும், அது 12 கி.மீ. என்று காட்டினால் நேற்று யாரோ உட்கார்ந்து அழித்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே பில். மாருதி இந்த இன்ஜினுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று சொல்கிறது. 1,05,000-க்குப் பத்து ஆயில் பில்லாவது இருக்க வேண்டும். வாரன்டி இருந்தவரை பில் இருக்கும், அது முடிந்த பிறகு தெரிந்த மெக்கானிக்கிடம் என்று இழுப்பார்கள். அந்த மெக்கானிக்கின் நம்பரை வாங்கிப் பேசுங்கள், என்ன கிரேடு ஊற்றினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். கையேட்டில் போட்டிருக்கிற கிரேடைச் சொன்னால் நல்லது. தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லாரிக்கு ஊற்றுகிற டிரம் ஆயிலையே இதற்கும் ஊற்றியிருந்தால், குளிரில் கெட்டியாகி டென்ஷனருக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும், தினமும் காலையில் செயின் அடி வாங்கியிருக்கும்.

ஆறு லட்சத்துக்கு வேறு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கார்ப்பியோ, எக்ஸ்யூவி500-ன் 2.2 எம்ஹாக், கிரெட்டாவின் 1.6 டீசல் எல்லாம் செயின், மேலே சொன்ன சோதனையே போதும். ஈக்கோஸ்போர்ட் 1.5 டீசல் பெல்ட். அதே ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் பெட்ரோலில் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது, தப்பான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும், மலைக்கு அதை நான் வாங்க மாட்டேன். பழைய இன்னோவா 2.5 பெல்ட், அதை ஞாபகப்படுத்த டேஷ்போர்டில் ஒரு விளக்கே உண்டு. கிரிஸ்டா 2.4 செயின், உங்கள் பட்ஜெட்டில் வராது. அப்புறம் ஆறு லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ எக்ஸ்1 டீசல் என்று யாராவது ஆசை காட்டினால், 2011 வாக்கில் வந்த அந்த 2.0 இன்ஜினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் பின்னால் இருக்கிறது, அதைத் தொட வேண்டுமானால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கழற்ற வேண்டும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் இரண்டு வண்டிக்கு வருகிறேன். பத்து பில்லும் இருந்து, காலை ஆறரைச் சத்தமும் சுத்தமாக இருந்தால் பிரெஸ்ஸாதான், யோசிக்கவே வேண்டாம், பாகங்களும் குன்னூர், ஊட்டி எங்கும் கிடைக்கும். பில் பாதிதான் இருக்கிறது, காலையில் லேசாகக் கலகலக்கிறது என்றால் நான் டஸ்டருக்குப் போவேன். பெல்ட்டைப் பற்றிப் புரோக்கர் சொன்ன பயம்தான் அதில் உங்களுக்கு லாபம். பத்து வருடம் ஆன வண்டி, பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றுக்கும் கொட்டேஷன் வாங்கி அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றுகிற வரை அதை மலை ஏற்றாதீர்கள், கோவையிலேயே வேலையை முடித்துவிட்டு ஏறுங்கள். அந்த பில்லோடு வண்டி வீட்டுக்கு வந்தால், உள்ளே என்ன தேதியில் என்ன போட்டது என்று உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரியாத செயினைவிட தெரிந்த பெல்ட்டோடு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

பிரெஸ்ஸாவையே வாங்கினால், முதல் நாளே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், இனிமேல் 10,000 வரை காத்திருக்காமல் 7,000-க்கு ஒரு தடவை. மாதம் இரண்டு முறை சமதளத்தில் நிறுத்தி டிப் ஸ்டிக் பாருங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், உள்ளே இருக்கிற மடிப்புத் தாளைப் பிரித்து வெயிலில் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரி இருக்கும், அது இருக்கத்தான் செய்யும். கறுப்பாகவோ பழுப்பாகவோ பிளாஸ்டிக் துணுக்கு கண்ணில் பட்டால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.